எட்டு மணிக்கு எழும்பும் குஞ்சுகள்

மீன்குஞ்சுப் பண்ணையில் கால் வைக்க இடமில்லை. கூட்டம் குஞ்சைப் பார்க்க வரவில்லை. குஞ்சோடு பேசுகிறவரைப் பார்க்க வந்தது. ‘நீர்வாக்கு நாயகர்’ காலை எட்டு மணிக்குத் தொட்டியோரம் நின்று, "ஹூம்... ஜலகுலமே, எழு!" என்பார். ஊசிமுனைக் கண்ணும் கண்ணாடி உடம்புமாக ஆயிரம் குஞ்சுகள் அவர் காலடி மூலைக்கு மொய்த்து வரும். பக்தர் ஒருவர் அந்தத் தண்ணீரைத் தீர்த்தமென்று குடித்தே விட்டார். குஞ்சுகள் கழிப்பதும் அதில்தான் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

தீனிக்காரம்மாவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. மூன்று வாரமாக வேளை தவறாமல் தீனி போட்டு வளர்த்தவள் அவள். நாயகரோ, "இனி தீனி எதுக்கு? என் வாக்கே ஆகாரம்!" என்று அறிவித்துவிட்டார். முதலாளியும் தலையாட்டிவிட்டு, அவள் வாளியை வாங்கி வைத்துக்கொண்டார்.

"அண்ணே, நாளைக்கே எல்லாம் செத்து மிதக்கும்!"

"நம்பிக்கை வேணும்மா."

"சரி, வாக்கு சொல்லட்டும். வயிறு ரொம்புதான்னு பாத்துடுவோம்."

எட்டு மணிக்கு வாக்கு முழங்கியது. குஞ்சுகள் வந்தன. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவள் ஒரு குஞ்சைக் கண்ணாடிக் கிண்ணத்தில் அள்ளி, பூதக்கண்ணாடியை முதலாளி கையில் கொடுத்தாள்.

"என்னண்ணே தெரியுது?"

"கண்ணு தெரியுது... முதுகெலும்பு தெரியுது... வயிறு காலியா கெடக்கே!"

"என் வாக்கு சீக்கிரம் செரிச்சிடும்," என்றார் நாயகர்.

"உள்ளயே போகாதது எப்படிய்யா செரிக்கும்?" என்றாள் தீனிக்காரம்மா.

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். நாயகர் எட்டியே பார்க்காத அடுத்த தொட்டிக்கு அவள் போய்க் கையை உயர்த்தினாள்.

"வெங்காயம் ரெண்டு கிலோ! சோப்பு நாலு! துடைப்பம் ஒண்ணு!"

அத்தனை குஞ்சும் ஓடி வந்தன.

"தெனமும் எட்டு மணிக்கு எல்லாத் தொட்டியிலயும் இந்த மூலையிலதான் தீனி விழும். அதுங்களுக்கு மந்திரமும் தெரியாது, மளிகையும் தெரியாது. சாப்பாட்டு நேரம் தெரியும்!"

முதலாளி வாளியை நீட்டினார். அவள் தீனியைத் தூவினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வயிறுகள் ஒவ்வொன்றாகத் தீனியின் ஆரஞ்சு நிறத்தில் உப்பின. கூட்டம் முண்டியடித்துப் பார்த்தது. திரும்பியபோது நாயகரைக் காணோம். போட்டுவந்த செருப்புகூட அங்கேயே கிடந்தது.

கடுகளவு மூளைகூட இல்லாத குஞ்சு, தீனி விழுந்தால்தான் வாயைத் திறக்கிறது. பூசணிக்காய் அளவு தலையுள்ள நாம்தான், எவன் எதைச் சொன்னாலும் ‘ஆ’வென்று திறந்துகொண்டு நிற்கிறோம்.