நெகட்டிவ் அண்ணை பார்த்த கடல்

லண்டனை விட்டு ஓரடி நகராமலே பிரான்ஸின் தென்கரையை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்த ஒரே மனிதர் எங்கள் நெகட்டிவ் அண்ணைதான்.

எண்பதுகளின் கடைசியில் கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரே வீட்டில் நாங்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருந்தோம். அண்ணைக்கு ஈஸ்ட் ஹாமில், ஒரு மலேசியத் தமிழரின் படம் கழுவும் கடையில் வேலை. எந்நேரமும் ஒரு நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதால் வந்த பெயர். கோடை முடிந்ததும் வெள்ளைக்காரர்களின் விடுமுறைப் பில்ம் சுருள்கள் வந்து குவியும். பாதிச் சுருள்களில் பிரான்ஸின் தென்கரையிலுள்ள அதே மலை உச்சி: கீழே திராட்சைத் தோட்டம், அதற்கும் கீழே கடல், அந்தக் கடலை மறைத்துக்கொண்டு யாரோ ஒருவரின் மனைவி.

அண்ணைக்குப் பொறுக்காது. கழுவிய படங்களோடு உறைக்குள் ஒரு துண்டுக் காகிதமும் வைப்பார்: 'அடுத்த முறை மனைவியை இரண்டடி இடப்பக்கம் நிறுத்தவும்.' ஒரு கணவர் கடைக்கு வந்து சண்டை பிடித்தார். இன்னொருவர் மறு வருடம், சொன்னபடி நிறுத்தி எடுத்த படத்தோடு வந்து கைகொடுத்தார். முதலாளி எவ்வளவு மிரட்டியும் துண்டு நிற்கவில்லை.

ஆறு வருடக் காத்திருப்புக்குப் பிறகு, வெளிநாடு போக அனுமதிக்கும் அகதிப் பயணப் பத்திரம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடைசியாக அவருக்கும் வந்தது.

"முதல்ல கனடாவுக்குத் தங்கச்சியிட்டையோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"தங்கச்சி எங்கையும் ஓடமாட்டாள். முதல்ல மலைக்கு."

"மலை மட்டும் ஓடுமோ?"

"எனக்குப் பொறுமை ஓடிப்போச்சடா!"

பழைய வான் வண்டி ஒன்றில் ஐவரும் கப்பலேறி, இரண்டு நாள் ஓடி, அந்த உச்சியை அடைந்தோம். ஒரே மூடுபனி.

"என்னண்ணை, ஒரு கோதாரியும் தெரியேல்லை!" என்றான் வான் ஓட்டி வந்த ரவி.

பஸ்ஸில் வந்திருந்த ஆங்கிலேயர்களும் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணை உச்சியின் விளிம்புச் சுவரருகே போய், வெறும் வெள்ளைப் புகையைக் கைகாட்டித் தன் ஆங்கிலத்தில் தொடங்கினார். இதிலே திராட்சை, பன்னிரண்டு வரிசை. அதிலே ஓடு உடைந்த கூரை. கரை வளைகிற இடத்தில் மூன்று வள்ளம், நடுவிலுள்ளது சிவப்பு. கூட்டம் அவர் விரல் போன பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பியது. ஒரு மூதாட்டி, "இந்த ஊரிலேயே பிறந்தவரா?" என்று கேட்டார்.

"இல்லை, ஈஸ்ட் ஹாம்" என்றார் அண்ணை, பணிவாக.

நாலு மணிக்குப் பனி விலகியது. வரிசை சரி, கூரை சரி, சிவப்பு வள்ளமும் சரி. எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணை மட்டும் தலையில் கைவைத்தார்.

"ஐயோ, கடல் இவ்வளவு நீலமோ! இத்தனை வருசமும் சனத்துக்குப் பிழையாக் கழுவிக் குடுத்துப்போட்டனே!"

பக்கத்திலிருந்த டெலிபோன் பெட்டிக்கு ஓடி முதலாளியை அழைத்தார். "மெஷினிலை நீலத்தைக் கூட்டுங்கோ! ஓம், இப்பவே!"

திரும்பி வந்து சுவரில் கையூன்றி நின்றார். பஸ் போயிற்று. வெயில் சாய்ந்தது.

"வெளிக்கிடுவமே, அண்ணை? நாளையிண்டைக்குக் கப்பல், இப்ப வெளிக்கிட்டால்தான் ரெண்டு நாளிலை போய்ச் சேரலாம்" என்றான் ரவி, மெதுவாக.

"நீங்கள் போய் வானுக்கை இருங்கோ. இன்னும் கொஞ்சம் பாத்திட்டு வாறன்."

நாங்கள் வானுக்குப் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். கப்பலைத் தவறவிட்டோம், ஒருவர்கூட அவரை ஏசவில்லை.