வாகைமரம் கவ்விய வாள்

வங்காலை,
புரட்டாதி 2011.

அன்புள்ள டொமினிக் அண்ணாவுக்கு,

இந்தச் சாமத்தில் இருந்து எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பகலில் எழுதினால் சுற்றி நின்று ஆளுக்கொரு வசனம் சொல்லித் தருவார்கள். தொலைபேசியில் சொல்லலாம்தான், ஆனால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்டுவிடும். கடிதத்தைப் படித்துக் கொழும்பில் எவ்வளவு சிரித்தாலும் வங்காலைக்குக் கேட்காது. நீங்களும் அண்ணியும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நான், இவர், மகள், மாமி எல்லோரும் சுகம். மரம்தான் சுகமில்லை.

நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வளவில் தன்பாட்டுக்கு வளர்ந்த அந்த வாகையை நீங்கள் புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்தபோது பார்த்தீர்கள்தானே. வீட்டுத்திட்டக்காரர் காட்டிய இடத்தில்தான் அத்திவாரம் வெட்டலாம் என்றபடியால் வீடு அதற்குக் கீழே போய் நின்றது. இப்போது மரம் மகள் படுக்கிற அறைக்கு மேலே சரிந்து நிற்கிறது. மாரிமழைக்கு முதல் தறித்தே ஆகவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றது தாங்காமல், நீங்களும் யார் யாரிடமோ கேட்டு அந்தப் பெரிய மெசின் வாளை எடுத்துத் தந்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். சங்கிலி ஓடுகிற நீட்டுத் தகட்டை, பார் என்கிறார்களே அதை, என்ன அளவில் வாங்குவது என்று கடையில் நின்று போன் எடுத்தீர்கள். நடுத்தரமானது போதும், இரண்டு பக்கத்தாலும் வெட்டலாம் என்று கடைக்காரர் சொல்வதாகச் சொன்னீர்கள். இங்கே என் பக்கத்தில் நின்ற இவரும் அதையே சொன்னார். நான்தான் இருக்கிறதிலேயே நீட்டானதை வாங்குங்கோ என்றேன். ஏன் என்று கேட்டதற்குப் பெரிய மரம் என்று காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல அண்ணா. பார் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இவர் மரத்தை விட்டுத் தள்ளி நிற்பார் என்பதுதான் என் கணக்கு. கம்பஸ் வரைக்கும் போய்ப் படித்த மூளை இதற்குத்தான் உதவியது. கப்பல் நீளத்தில் ஒன்று இருந்திருந்தால் அதையும் கேட்டிருப்பேன், இவர் கடற்கரையில் நின்றே வெட்டட்டும் என்று.

பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்குக் கீறிவிடும் என்று அதைப் பூப்போட்ட படுக்கை விரிப்பால் சுற்றச் சொன்னதும் நான்தான். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் சுற்றை அவிழ்த்தார்களாம், உள்ளே இன்னொரு சுற்றாம், அதற்குள்ளே பேப்பராம். அவிழ்க்க அவிழ்க்க அவர்களுக்குச் சந்தேகம் கூடி, பஸ்ஸிலிருந்த சனம் முழுக்க இறங்கி வெயிலில் நின்றதாம். கொண்டக்டர் சாமானைக் கையில் கொடுக்கும்போது இவரை ஒரு பார்வை பார்த்திருக்கிறார்.

“தம்பி, அடுத்தமுறை சும்மா அனுப்பச் சொல்லும். ஒளிச்சாத்தான் தேடுவாங்கள்.”

பிறகு தறிக்கிற நாள் வந்தது. மரம் வீட்டுப் பக்கம் விழாமல் கயிறு கட்ட எமிலியானுஸ் அண்ணையைக் கூப்பிட்டோம். இவருடைய வள்ளத்தில் தொழில் செய்கிறவர், வள்ளத்தைக் கயிற்றால் கட்டி நிறுத்துவதில் இந்தக் கரையில் அவரை வெல்ல ஆளில்லை. பிழை நடந்தது அங்கேதான். மனுசன் மரத்தையும் வள்ளத்தைப் போலவே கட்டினார், எந்தக் காற்றுக்கும் அசையக் கூடாது என்று. வீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிற பனையில் கயிற்றைப் போட்டு இறுக்கி, காலை முட்டுக்கொடுத்து இன்னும் இறுக்கினார். இவர் வீட்டுப் பக்கம் நின்று வெட்டத்தான் போனார். நான் குசினி வாசலில் நின்று, மரம் உங்கள்மேல் விழுந்துவிடும், மற்றப் பக்கம் போங்கோ, மற்றப் பக்கம் போங்கோ என்று கத்தி, கயிறு இழுக்கிற பக்கத்துக்கே அவரைத் துரத்தினேன். பார் பாதி மரத்துக்குள் போனதுதான், கயிறு இழுத்த இழுவைக்கு வெட்டுவாய் அப்படியே மூடிக்கொண்டது. மெசின் ஒரு முக்கல் முக்கி நின்றது. சின்னப் பார் என்றால் கொஞ்சம்தான் மாட்டியிருக்கும், இதை முழு நீளத்துக்கும் மரம் கவ்விப் பிடித்துவிட்டது. இழுத்தார்கள், ஆட்டினார்கள், எண்ணெய் விட்டார்கள். கயிற்றைத் தளர்த்தினால் பார் வரும், கூடவே மரமும் வீட்டுக்கு மேலே வரும்.

அந்த நேரம் நான் ஒன்று சொன்னேன். அதை எழுதத்தான் இவ்வளவு நேரமும் சுற்றி வந்தேன். அரைவாசி வங்காலையும் வேலியில் நின்று பார்க்க, கடலுக்குப் போகிற ஆளுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். பாரைக் கேட்டதும் நான், நிற்கிற பக்கத்தைக் காட்டினதும் நான். இவர் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

“சரி. நான் கோடாலியோட ஏறிக் கொப்புகளை இறக்கிறன்.”

அன்று தொடக்கம் என்னோடு அளந்துதான் பேச்சு. மரம் பாதி வெட்டோடு நிற்கிறது, மெசின் வாள் அதில் பலாப்பழம்போலத் தொங்குகிறது. பூசை முடிந்து வருகிற சனம் எங்கள் படலையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறது. ஒருவர் அதற்கு ஒரு செபமாலை போட்டுவிடச் சொன்னார். நாங்கள் கோயிலுக்குப் பின்னால் மாமியின் வீட்டில் படுக்கிறோம். பாதி அறுத்த மரத்தில் மனுசன் ஏறினால் என்ன நடக்கும் என்று எழுத எனக்குக் கை வருகுதில்லை. அண்ணாவிடம் கேட்டு எழுதுகிறேன், பார்சல் வரும்மட்டும் ஏறவேண்டாம் என்று கெஞ்சினேன். “ஓம்” என்றார். அந்த ஓமில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனபடியால் அண்ணா, நீங்கள் முதலில் சொன்ன அந்த நடுத்தரப் பாரை அதற்குரிய சங்கிலியோடு அடுத்த பஸ்ஸில் போட்டுவிடுங்கோ. மெசினை மாட்டிய பாரிலிருந்து கழற்றி அதில் பூட்டி, வீட்டுப் பக்கத்தால் அறுத்தால் மரம் கயிறு இழுக்கிற பக்கம் போய்விடும் என்கிறார்கள். ஒன்றாலும் சுற்றாமல் அனுப்புங்கோ. மாமி உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னா. அண்ணிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் சமாதானம் குறையாமல் இருக்கட்டும், எங்களுக்கும் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
சுவேதினி.

பி.கு.: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். விழித்திருந்து எழுதிய அசதியில் விடிந்தும் நித்திரையாகிவிட்டேன். மாமி என் மகளைத் தூக்கிக்கொண்டு, என்னை எழுப்பாமல் கதவையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறா. நான் எழும்பி ஓடிப்போய்ப் பார்த்தால், மரம் கயிற்றுப் பக்கமாக நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறது. கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றைப் பிடிக்க, இவரும் எமிலியானுஸ் அண்ணையும் இரண்டு பேர் பிடித்து அறுக்கிற பழைய வாளால் வீட்டுப் பக்கத்தில் அறுத்திருக்கிறார்கள். ஒருவரும் ஏறவில்லை. ஓட்டில் ஒரு கொப்பும் படவில்லை. பாரில் ஒரு நெளிவு இல்லை. கிடக்கிற மரத்தை இவர் அதாலேயே துண்டு போடுகிறார், நல்ல பாராம், ஒருவருக்கும் கொடுக்க மாட்டாராம். ஆகவே சின்னதை அனுப்ப வேண்டாம்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், எமிலியானுஸ் அண்ணை முந்திவிட்டார்.

“பிள்ளை, நீ நித்திரை கொண்டபடியாத்தான் மரம் நேரா விழுந்தது.”

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஆனால் அவர்களோடு சேர்ந்து சிரித்தாரா, என்னைப் பார்த்துச் சிரித்தாரா என்று தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிவில்லை, சொல்ல வந்ததையும் விழுங்கிவிட்டேன். நீங்கள் ஒருமுறை இவரோடு கதைத்து, கோபம் ஆறிவிட்டதா என்று எனக்கு எழுதுங்கோ. கெதியாய்ப் பதில் போடுங்கோ.