துர்காவின் வேலை போனதும் எனக்கு வேலை கிடைத்ததும்

கேளம்பாக்கம்,
ஞாயிறு மாலை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி தாமோதரன் அவர்கள் சமூகத்துக்கு, மகள் வீட்டில் தங்கியிருக்கும் எல்லப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான், துர்காதேவி, மாப்பிள்ளை கார்த்தி மூவரும் சௌக்கியம். சம்பந்தியம்மாளின் மூட்டுவலி இறங்கிவிட்டது என்ற சேதிக்காகக் காத்திருக்கிறோம்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்த அடுக்குமாடியில் பாத்ரூமில் முணுமுணுத்தால் பால்கனியில் கேட்கிறது. அதனால்தான் கடிதம். பதற வேண்டாம், உட்கார்ந்து படியுங்கள். உங்கள் மருமகளுக்கு வேலை போய்விட்டது. போய், வேறு வேலை வந்தும் விட்டது. நடுவில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

பொங்கல் கழிந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் கருங்குழியிலிருந்து வந்தேன். துர்கா காலையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், "மீட்டிங்ல கீறேன்பா" என்பாள். பாவம், என்ன உழைப்பு என்று ஒருநாள் நானே காபி போட்டு எடுத்துப்போனேன். தலையில் ஹெட்போன். "ஓகே, ஓகே" என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். மேசைமேல் லேப்டாப் வைக்கிற ஸ்டாண்டு இருக்கிறது, லேப்டாப் இல்லை. ஹெட்போன் ஒயரின் முனை மேசைக்கடியில் சும்மா ஆடிக்கொண்டிருக்கிறது. நான் காபியை வைத்துவிட்டு ஒன்றும் பார்க்காதவன் மாதிரி வந்துவிட்டேன். பெற்றவனிடமே மறைக்கிறாள் என்றால் மனசு எவ்வளவு உடைந்திருக்க வேண்டும்? வாய்விட்டுக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் லிப்டில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். வேலை இழந்தவர்கள் ஞாயிறு காலை பார்ட்டி ஹாலில் கூடுகிறார்களாம், ஒருவருக்கொருவர் உதவியாம், சுண்டலும் உண்டாம். இவள் போகமாட்டாள், நாமாவது போய் விசாரிப்போம் என்று போனேன். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். நடத்துகிற அம்மா பெயர் மார்கரெட். இருபது வருஷம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்து, ஒரே நாளில் வெளியே வந்தவராம். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், இங்க யாரும் வெக்கப்பட வேணாம்" என்றார்.

"எனக்கில்லம்மா, எம் பொண்ணுக்கு" என்றேன்.

"மொதநாள் எல்லாரும் இப்டித்தான் சொல்வாங்க. தோ, ஹரிஹரன் சார்கூட மச்சானுக்குக் கேக்கத்தான் வந்தாரு."

எல்லோரும் எனக்காகக் கைதட்டினார்கள். டிப்போவில் ரிட்டயர் ஆனபோதுகூட இவ்வளவு பேர் தட்டவில்லை. அந்தக் கைதட்டலுக்கு நடுவே நான் எப்படி எழுந்து மறுப்பது சொல்லுங்கள்? ஜோஷ்வா என்று ஒரு தம்பி லேப்டாப்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "இன்னா வேலை பாத்தீங்க சார்?" என்றது. பஸ் டிப்போவில் டைம்கீப்பர் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், இரண்டு பக்கம் ரெஸ்யூம் வந்தது. படித்துப் பார்த்தால், அந்த ஆளை எனக்கே ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதை நாலைந்து இடத்துக்கு அனுப்பியும் வைத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ஒத்திகை இன்டர்வியூ. ஹரிஹரன்தான் அதிகாரி. ஒரு பாக்டரியில் வண்டிகளை மேய்த்தவர், பாக்டரியை மூடிவிட்டதால் வீட்டிலிருப்பவர்.

"அஞ்சு வருசம் கழிச்சு உங்கள எங்க பாக்கறீங்க?"

"கருங்குழியிலதான், வேற எங்க?"

"உங்ககிட்ட கீற குறை இன்னா?"

"எண்ணெய்ப் பலகாரம்."

சம்பந்தி, அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, என் வீட்டம்மா காலமானதற்கப்புறம் நான் சிரிக்காத சிரிப்பு. அங்கே கேட்டதையெல்லாம் சாப்பிடும்போது துர்கா காதில் போட்டுவைப்பேன். "ரெஸ்யூம்ல போட்டோ வெக்கக் கூடாதாமே, டிவியில சொன்னான்" என்பேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு ரசம் ஊற்றுவாள்.

மூன்றாம் ஞாயிறு வந்தது வினை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஹாலுக்குப் போய்விட்டேன். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலிலிருந்து கூப்பிட்டு, விருந்தாளிகளுக்கு வேன் அனுப்புகிற வேலைக்கு எல்லப்பன் சார் இன்டர்வியூவுக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். எடுத்தவள் துர்கா. லிப்ட் நோட்டீஸ் ஞாபகம் வந்து, நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நேராக ஹாலுக்கு வந்துவிட்டாள்.

"இன்னாப்பா இது? ரிட்டயர் ஆன மனுஷன் இங்க இன்னா பண்ணிகினு கீறீங்க?"

மார்கரெட் அம்மா குறுக்கே வந்தார். "கொஞ்சம் பொறுமையா பேசும்மா. வேலை போனவங்க மனசு எப்டியிருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவருக்கு ஒண்ணும் வேலை போவல. எனக்குத்தான் போச்சு."

இந்தமுறை யாரும் கைதட்டவில்லை. மார்கரெட் அம்மா தன் நாற்காலியை அவளிடம் நகர்த்தினார். துர்கா உட்கார்ந்தாள். மத்தியானம் மீட்டிங் என்று கூப்பிட்டு, சாயந்திரத்துக்குள் லேப்டாப்பை ஒப்படைக்கச் சொன்னதையெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் துண்டைத் தேடினேன், ஜோஷ்வா டிஷ்யூ கொடுத்தது.

அப்புறம் எல்லாமே வேகம்தான். ஜோஷ்வா அவள் ரெஸ்யூமை எழுதிற்று, என்னுடையதைவிட நம்பும்படியாகவே. மார்கரெட் அம்மா தினம் காலையில் அவளை நடைக்கு இழுத்துப்போனார். ஹரிஹரனின் பழைய சினேகிதர் சிறுசேரியில் ஒரு சின்னக் கம்பெனிக்குச் சொல்லிவைத்தார். அதற்கு முன் இரண்டு இடத்தில் கையை விரித்தார்கள், இது கிடைத்தது. நாளைக்குச் சேருகிறாள். சம்பளம் கொஞ்சம் கம்மி, ஆனால் ராத்திரி மனுஷர் தூங்குகிற நேரத்தில் தூங்கலாமாம். எனக்கு வந்த அந்த ஓட்டல் வேலைக்கு நான் ஹரிஹரனை அழைத்துப்போய், "என்னைவிட இவர் பொருத்தம்" என்று கொடுத்துவிட்டேன். அவரை எடுத்துக்கொண்டார்கள். இருவரும் கடற்கரையில் வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு வந்தோம். நான் இன்னும் ஞாயிறு தவறாமல் போகிறேன். இப்போது சுண்டல் என் பொறுப்பு. புதிதாக வருகிறவர்கள் "எனக்கில்ல சார்" என்று ஆரம்பித்தால் நான்தான் முதலில் கைதட்டுகிறேன்.

"மாமாகிட்ட எதுவும் பேசாதீங்கப்பா" என்று துர்கா சொல்லியிருக்கிறாள். ஆனாலும் சம்பந்தம் செய்தவரிடம் மறைத்தால் எனக்குச் சோறு செரிக்காது. எனவே தாங்கள் மட்டும் அறிந்துகொண்டு, சம்பந்தியம்மாள் காதில் பக்குவமாகப் போடவும். குழந்தை துர்காவை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டாம். தங்கள் வீட்டில் விளைச்சலும் வியாபாரமும் பெருகி, மூட்டுகள் வலியின்றி மடங்க ஆண்டவன் அருளட்டும்.

தங்கள் அன்பிற்குரிய,
எல்லப்பன்

பி.கு: ஸ்டாம்ப் ஒட்டும்போது துர்கா பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "வேலை போன அன்னிக்கே மாமாகிட்டதான் மொதல்ல சொன்னேன். 'உங்க அப்பா வாயில ஒண்ணும் நிக்காது, அவருக்கு மட்டும் தெரிய வேணாம்'னு சொன்னதே அவருதான். இம்மா நாளா நாம தின்னுகினு இருக்கறது அவரு அனுப்பின அரிசிதான்" என்கிறாள். சம்பந்தி, என் வாயைப் பற்றித் தாங்கள் அப்படிச் சொன்னதில் எனக்கு வருத்தம் உண்டு. அரிசி நன்றாகவே இருக்கிறது. கவரை ஒட்டியாகிவிட்டதால் பிரிக்க மனமில்லாமல், இதைக் கவர்மேலேயே எழுதுகிறேன். தபால்காரர் படித்தால், அவரையும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவும்.