ஸ்டோர்க்காரரிடம் இல்லாத சாமான்

டிசம்பர் 18, மாலை நாலு மணி நாற்பது நிமிடம். வாங்கிவிட்டுக் கொடுக்க முடியாமல் என் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பரிசுகள்: ஐந்து.

மரியாதைக்கும், அதைவிட அதிகமாகப் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய். உன்னோடு ஒரே வீட்டில் இருக்கும் அத்தான் நலமா என்று மட்டும் எழுது. இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் சிரித்துவிடுவாய், நாலாவதை நான் சொல்லவே முடியாது. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். எங்கள் லிஃப்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாளே, நான் கட்டிக்கொள்ள நினைக்கிற அதே கணக்குப்பிள்ளை, ஆண்டுக் கடைசி விடுமுறையில், இருபத்தேழாம் தேதி மதியச் சாப்பாட்டுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் அப்பாவிடம் கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டும். அப்பா ஒரு பெரிய தொழிற்சாலையில், ஜன்னல் வழியே சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர்க்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது வந்து கேட்டு, 'இல்லை' என்று சொல்ல நேர்ந்தால் அதை வாழ்நாள் அவமானமாக நினைத்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் ஓர் அறையைக் காலி பண்ணி, சுவர் முழுக்க இரும்பு அலமாரி அடித்து, ஊசியிலிருந்து ஜெனரேட்டர் வரை சீட்டு ஒட்டி அடுக்கிவிட்டார். போன வருஷம் அவளைப் பெண் கேட்க வந்த ஒருத்தன் சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தானாம். அதே கடிகாரம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. வாங்க காட்டுறேன் என்று அறைக்குள் கூட்டிப்போனவர், கடிகாரத்தில் ஆரம்பித்துக் கடைசி அலமாரியை முடிக்கும்போது இருட்டிவிட்டது. வந்த காரியத்தை வாய் திறந்து சொல்லாமலேயே அவன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

"அப்பாகிட்ட இல்லாததைக் கொண்டு வா. இருக்கறதைக் கொண்டு வந்தே, உனக்கும் கடைசி பஸ்தான்" என்கிறாள் இவள்.

நான் படித்தவன் இல்லையா, முதலில் சோதனை, பிறகு கொள்முதல் என்று முடிவு பண்ணினேன். அவர்கள் இருப்பது நாலாவது மாடி. அந்தக் கட்டிடத்து லிஃப்டைப் பராமரிப்பது எங்கள் கம்பெனி. பராமரிப்பு என்ற பெயரில் போய், நடுவில் தண்ணீர் கேட்டு அவர்கள் கதவைத் தட்டி, அவரிடம் என்ன இல்லை என்று பேச்சோடு பேச்சாகக் கறந்துவிடுவதுதான் திட்டம். முதல் நாள், தலையில் மாட்டுகிற டார்ச் இருக்கா சார் என்று கேட்டேன். இல்லையே என்றார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்று மாலையே வாங்கிவிட்டேன். மறுநாள் போனால், கதவைத் திறந்தவர் நெற்றியில் டார்ச் எரிகிறது. நான் கேட்டுவிட்டுப் படியிறங்குவதற்குள் சட்டை மாட்டிக் கடைக்குக் கிளம்பிவிட்டாராம். சரி, தற்செயல் என்று விட்டேன். அடுத்தது, சுவரில் சிவப்புக் கோடு போட்டு மட்டம் பார்க்கும் லேசர் கருவி. அப்படி ஒன்று இருப்பதையே அவர் கேள்விப்பட்டதில்லை. என் புண்ணியத்தில் கேள்விப்பட்டார். நான் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், அதே கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருக்கிறார். பெட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன் அக்கா, நாலு வருஷம் இஞ்சினியரிங் படித்தவன். நம்ம வாய்தான் ராசியில்லை என்று, கால் அமுக்கிவிடும் மெஷினைப் பற்றிக் கணக்குப்பிள்ளையை விட்டுச் சாப்பிடும்போது கேட்கச் சொன்னேன். மறுநாள் நான் போனபோது அமுக்கிக்கொண்டிருந்தார். நாலாவது, உப்பு எவ்வளவு என்று காட்டும் கரண்டி. அதைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. ஐந்தாவது மீன்தொட்டி. உயிருள்ளதை யோசிக்காமல் வாங்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன். அவர் யோசித்துத்தான் வாங்கினார், என்னுடையதைவிடப் பெரிதாக. இப்போது என் கட்டிலுக்கு அடியில் ஆறு மீன்கள் இருக்கின்றன. தினமும் குப்புறப் படுத்துத் தீனி போடுகிறேன். தெர்மாமீட்டரை வைத்த உடனே தண்ணீர் கொதிக்கிறது என்றால் சூட்டை எப்படி அளப்பது? கேட்டால் வாங்கிவிடுகிறார். கேட்காவிட்டால் எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் கட்டிடத்தில் வேறு கூத்து. கோளாறே இல்லாத லிஃப்டுக்கு வாரத்தில் நாலு தடவை ஆள் வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? கயிறு அறுந்துகொண்டிருக்கிறது, நமக்குத்தான் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று ஒருத்தர் கிளப்பிவிட, மொத்தக் கட்டிடமும் படி ஏற ஆரம்பித்துவிட்டது. ஆறாவது மாடிப் பல் டாக்டருக்கு இடுப்பில் பேன்ட் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார்கள். அவர் மனைவி எனக்கு நன்றி சொன்னார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் சொல்லவில்லை, கம்பெனிக்குப் புகார் எழுதினார். மேனேஜர் கூப்பிட்டு, அந்த லிஃப்டில் என்னதான் பிரச்சனை என்றார். ஒன்றுமில்லை சார் என்றேன். "அப்ப உனக்கு?" என்றார்.

செயலாளர் கண் முன்னால் லிஃப்டைத் திறந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டிவிட்டு வரச் சொல்லி உத்தரவு. நேற்றுப் போனேன். நாலாவது மாடியில் நின்று மூடியைப் பாதி கழற்றியிருந்தபோது பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் கை நழுவிக் குழிக்குள் போய்விட்டது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு வேறு வழியில்லை. பெல்லை அடித்தேன்.

"சார், ஒரு பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் குடுக்க முடியுமா?"

பனியனோடு நின்றவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது முழுக்கைச் சட்டை, பையில் பேனா, மூக்கில் கண்ணாடி.

"ரிங்கா, ஓப்பனா?"

ஸ்பேனரின் வாய் வளையமா, திறந்ததா என்று கேட்கிறார். ரிங் என்றேன். எவ்வளவு நேரத்துக்கு என்றார். பத்து நிமிஷம் என்றேன். அறைக்குள் போய் மூன்றைக் கொண்டுவந்து, மூன்றையும் துடைத்து, எது கைக்கு வாகாக இருக்கிறது பாருங்கள் என்று நீட்டினார். வேலை முடியும்வரை என் பக்கத்திலேயே நின்றார். எட்டிப் பார்த்த செயலாளரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். அங்கே கோடே கிடையாது. நான் தண்ணீர் குடிக்கப் போனபோது அவர் மனைவி சமையலறையிலிருந்து மெதுவாகச் சொன்னார்:

"இவ்வளவு வாங்கி அடுக்கியிருக்காரே, ரிட்டையர் ஆனதுலேர்ந்து ஒரு மனுஷன் வந்து இதைக் குடுன்னு கேட்டதில்ல தம்பி. சந்தோஷத்துல இன்னைக்கு அவரு தூங்கின மாதிரிதான்."

அப்போதுதான் என் மண்டையில் ட்யூப்லைட் எரிந்தது. ஸ்டோர் இருக்கிறது, சாமான் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிற ஆள்தான் இல்லை. இதைக் கடையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஆகவே இருபத்தேழாம் தேதி நான் பரிசு கொண்டுபோகப் போவதில்லை. பழுதைக் கொண்டுபோகப் போகிறேன். என்னிடம் ஆடுகிற ஸ்டூல், கத்துகிற மேசை ஃபேன், மூடி நிற்காத மிக்ஸி என்று மூன்று இருக்கின்றன. இதைக் கணக்குப்பிள்ளையிடம் சொன்னதும், வெறுங்கையோடு வந்தால்கூட மன்னிக்கலாம், உடைந்த ஸ்டூலோடா வருவாய் என்று திட்டினாள். பிறகு, "மொதல்ல மிக்ஸியைக் காட்டு. ஸ்டூலைக் கடைசியா எடு" என்றாள். நீயும் அத்தானும் அன்று கட்டாயம் வர வேண்டும். பெண் கேட்கிற வேலை உனக்கு, ஸ்பேனர் கேட்கிற வேலை எனக்கு.

அத்தானுக்கு என் வணக்கமும் அனுதாபமும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மீன் வேண்டுமா என்று கேட்டுச் சொல். உன் கால் இருக்கும் திசையில் விழுந்து கும்பிட்டதாக வைத்துக்கொள், ஸ்டூலும் ஃபேனும் மிக்ஸியும் கிடப்பதால் இங்கே குனிய இடமில்லை.

உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதிய திட்டம் ரத்து. கவரை ஒட்டும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஸ்டோர்க்காரர், தோளில் கருவிப் பை. மிக்ஸி விஷயத்தைக் கணக்குப்பிள்ளை அம்மாவிடம் சொல்ல, அம்மா அவரிடம் சொல்ல, இருபத்தேழு வரை அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூல் ஆடவில்லை, ஃபேன் கத்தவில்லை, மிக்ஸி மூடி உட்கார்ந்துவிட்டது. ஒழுகுவதே எனக்குத் தெரியாத குழாயையும் சரிபண்ணிவிட்டார். இப்போது இந்த வீட்டில் பழுது என்று சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"லிஃப்ட்ல ஒரு கோளாறும் இல்லைன்னு மொத நாளே தெரியும் தம்பி. எந்தச் சரக்கா இருந்தாலும் பிரிச்சுப் பாக்காம நான் உள்ள எடுக்கறதில்ல. அதான் நேர்ல வந்தேன்."

பார்த்தாச்சா சார் என்றேன்.

"சரக்கு நல்ல சரக்குதான். பராமரிப்புதான் போதாது. அக்கா இருக்காங்களாமே? இருபத்தேழு வரைக்கும் எதுக்கு, இந்த ஞாயித்துக்கிழமையே வரச் சொல்லுங்க."

இனி நான் செய்யப்போவது:

1. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஞாயிறு தாண்டிவிடும். ஆகவே இப்போதே உனக்குப் போன். கடிதத்தையும் தபாலில் சேர்த்துவிடுவேன், இவ்வளவு எழுதியது வீணாகக் கூடாது.

2. நாளையிலிருந்து ஆளில்லாத லிஃப்டுக்குள் நின்று, 'சார்' வருகிற இடத்தில் எல்லாம் 'மாமா' என்று சொல்லிப் பழகுவேன்.

3. இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான் நன்றாக வேலை செய்கிறது. சனிக்கிழமைக்குள் அதை எப்படியாவது கெடுத்துவிடுவேன். பெண் கேட்கப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது.