வட்ட விளக்கில் பார்த்த நிறம்

போன ஆடி மாதம், முதல் செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கினேன். செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். ஷூவுக்குப் பாலிஷ் போட்டேன். அதுவரை எல்லாம் ஒழுங்குதான். அடுத்ததாக, முகத்துக்கு வெளிச்சம் தரும் வட்ட விளக்கைப் பையில் வைத்துக் கம்பெனிக்குக் கிளம்பினேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தர மேலாளர் நான். சாயம் ஏற்றி வரும் துணி, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டின் நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் வெட்டுவார்கள். அதைப் பல வெளிச்சங்களில் மாற்றி மாற்றிப் பார்க்கவென்றே இருட்டறையில் விளக்குப் பெட்டி ஒன்று உண்டு. அன்று அங்கே போகவில்லை. (அந்தப் பெட்டிக்குள் துணி தெரியும், என் முகம் தெரியாது.)

இணையத்தில் அப்போது நான் ‘நிறத்தின் கண்’. பட்டம் நானே கொடுத்துக்கொண்டது. ஜன்னலோரம் விளக்கை முகத்துக்கு எடுப்பான மஞ்சள் ஒளியில் வைத்தேன். புதிதாக வந்த க்ரீம் நிறத் துணி ஒரு தோளில், மாதிரித் துண்டு மறு தோளில். போன் கேமராவைப் பார்த்துப் பேசி முடித்ததும் துணிக்கு ஓகே போட்டேன். வீடியோவையும் அப்படியே ஏற்றினேன்.

மத்தியானம் மனைவி போன் செய்தாள்.

“ஏனுங்க, வீடியோவுல நடுவுல கரண்ட் போச்சுங்களா?”

“ஆமா. மூஞ்சி இருட்டா தெரியுதா?”

“மூஞ்சி கெடக்குதுங்க. லைட்டு நின்னதும் ஒரு தோளுத் துணி ரோஸாயிருச்சு, இன்னொண்ணு அப்படியே இருக்குது. அப்பப் பாத்து ‘என் கண்ணு ஏமாறாது’ங்கறீங்க.”

போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னபடியே இருந்தது; மஞ்சள் ஒளி போனதும் ஜன்னல் வெளிச்சத்தில் புதுத் துணி மட்டும் வேறு நிறம். அந்த நேரத்தில் நான் போன் திரையைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

வெட்டிவிட்டால் துணி மொத்தமும் வீண்; என் வேலையும் போய்விடும். மாடிக்கு ஓடினேன். மேசையில் துணி அடுக்கடுக்காக விரித்துக் கிடந்தது. பக்கத்தில் கட்டிங் மாஸ்டர்.

“மாஸ்டர், வெட்டிட்டீங்களா?”

“இல்லீங்க சார். உங்க வீடியோவுக்கு லைக் போட்டுட்டு வெட்டலாம்னு இருந்தனுங்க.”

துணி சாயப்பட்டறைக்குத் திரும்பிப் போனது. முதலாளி வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். “இதப் போட்டதாலதான் தப்பிச்சோமுங்க. அதுக்குன்னு தெனமும் போட்டுராதீங்க” என்றார்.

இன்றும் குழம்பு நிறமாக இல்லை என்று வாய் திறந்தால், “கரண்ட் போகட்டும்ப்பா, அப்புறம் சொல்லுங்க” என்கிறாள் மகள்.

அந்த வீடியோ போட்ட மறுநாள் காலை முதல் வேலையாக அந்த விளக்கைச் செக்கிங் மேசையில் மாட்டிக் கொடுத்தேன். அங்கே துணியில் ஓட்டை பார்க்கும் அக்கா அதைப் போட்டுப் பார்த்தார்.

“ஓட்டையெல்லாம் பளிச்சுனு தெரியுதுங்க சார். இத்தன நாளா இத மூஞ்சிக்கா வெச்சிருந்தீங்க?”