சிவப்பா, பச்சையா, மீசையா?

"பந்து கோலுக்குள்ள போற நேரம் பாத்து இந்த எழவு எதுக்கு இழுக்குது?" என்று ரெத்தினதாஸ் கம்ப்யூட்டரைத் திட்டினார். திரையில் அவருடைய ஆட்டக்காரன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றான். அதற்குள் மதிலுக்கு அப்பாலிருந்து செல்லசாமியின் "கோ...ல்!" கேட்டுவிட்டது.

பாறசாலையில் ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தும் ஐம்பது வயது மனிதர் பக்கத்து வீட்டுக்காரனோடு கம்ப்யூட்டரில் பந்து விளையாடினால் தப்பில்லை. மீசையைப் பந்தயம் வைத்தார் பாருங்கள், அதுதான் தப்பு. சனிக்கிழமை நாலு மணி ஆட்டத்தில் தோற்கிறவனுக்குப் பாதி மீசை போகும். ரெத்தினதாஸின் மீசையோ இருபத்திரண்டு வருஷம் எண்ணெய் தேய்த்து வளர்த்தது. அதற்கு முந்தைய முகம் சுவரிலுள்ள கல்யாணப் போட்டோவில் மட்டும்தான் உண்டு.

"கிராபிக்ஸ் கார்டு இல்லாம பந்து களிக்கப்பிடாது அண்ணா," என்றான் பனச்சமூட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜெயதாஸ். "படம் இழுக்காம ஓடுறதே அதுலயாக்கும். பச்சைப் பெட்டி ஒரு கம்பெனி, சிவப்புப் பெட்டி இன்னொரு கம்பெனி. எது வேணும்?"

"எது கொள்ளாம்? எது நல்லது?"

"ரெண்டும் கொள்ளாம்."

போச்சு! மனிதருக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. கடைசியில் வீட்டு ஜெபத்தில் சீட்டுப் போடுவதாக முடிவாயிற்று. மகளுக்குப் பேர் வைத்ததே அப்படித்தான். மனைவி விமலகுமாரி இரண்டு துண்டுக் காகிதத்தில் எழுதி பைபிளுக்குள் வைத்தாள். ரெத்தினதாஸ் உருகி ஜெபித்து ஒன்றை எடுத்தார். சிவப்பு.

"ஆமென்," என்றாள் விமலகுமாரி.

"நில்லுடீ, நான் மனசொப்பி ஜெபிக்கல்ல. இன்னொருக்கா எடுப்போம்."

பச்சை வந்தது.

"மூணாவதா ஒருக்கா..."

"கர்த்தரு என்ன ரெஃப்ரியா? ரெண்டையும் கொண்டுவந்து மாட்டிப் பாருங்க. ஓடாதத திருப்பிக் குடுக்கலாம்லா?"

இப்படியொரு மனைவி எவனுக்கு வாய்க்கும்! ரெத்தினதாஸுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜெயதாஸ் பச்சைக் கார்டோடு வந்தான். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கார்டு நுழையவில்லை. ரெத்தினதாஸ் ஹேக்ஸா பிளேடால் பெட்டியின் இரும்பை அறுத்தார். கார்டை மாட்டி வயரெல்லாம் சொருகிவிட்டு ஜெயதாஸ் பஸ்ஸுக்கு ஓடினான். மேசையில் சிதறிய இரும்புத்தூளை விமலகுமாரி பெட்டிக்கு முன்னும் பின்னும் துடைத்துச் சுத்தமாக்கினாள். ரெத்தினதாஸ் ஆடிப் பார்த்தார். அதே ஆட்டக்காரன், அதே தூக்கிய கால்.

"பச்சை சரியில்ல. நான் அப்பவே நெனச்சேன்," என்று வயரெல்லாம் பிடுங்கிப் போட்டார்.

சனிக்கிழமை காலையில் சிவப்பு வந்தது. அதற்குக் கரண்டு போதவில்லை என்று வேறொரு பவர் சப்ளையும் வைத்து ஜெயதாஸ் போனான். சுவிட்சைப் போட்டால் மிக்ஸி போல ஒரே இரைச்சல். சத்தமே இப்படியென்றால் வேகம் எப்படியிருக்கும்! சோதித்துப் பார்க்கக்கூட மறந்து மதிலுக்கு ஓடினார்.

"எலே செல்லசாமி! பாதியில்ல, முழு மீசையாக்கும்!"

"நான் ரெடி, ஓய்!"

விமலகுமாரி மறுபடி மேசையைத் துடைத்து, ஏத்தங்காய் சிப்ஸும் சாயாவும் கொண்டுவந்து வைத்தாள்.

ஆட்டம் ஏழு–பூஜ்யம். ஏழும் செல்லசாமிக்கு.

பலா மரத்தடியில் நாற்காலி போட்டார்கள். விமலகுமாரி வெந்நீரும் கண்ணாடியும் புது பிளேடும் கொண்டுவந்தாள். வீட்டில் புது பிளேடு எப்போது வாங்கினார்கள் என்று கேட்கும் நிலையில் ரெத்தினதாஸ் இல்லை. செல்லசாமி சிரித்துச் சிரித்து வழித்தான். முடிந்ததும் விமலகுமாரி புருஷன் முகத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்து, "கொள்ளாம்," என்றாள்.

சாயங்காலம் ஜெயதாஸ் வந்தான்.

"ரெண்டும் குப்பைக் கார்டு! எடுத்துட்டுப் போடா!" என்று மீசையில்லாத வாய் கத்தியது.

ஜெயதாஸ் பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தான்.

"அண்ணா, மானிட்டர் வயரு கார்டுல இல்லியே, கார்டு மாட்டுறதுக்கு முந்தின பழைய ஓட்டையிலல்லா இருக்கு! ரெண்டு தடவையும் நான் கார்டுலதான் குத்தித் தந்தேன்."

அப்படியே நிமிர்ந்து அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்:

"யக்கா, வியாழக்கிழமை நீங்க எனக்க கடைக்கு போன் விளிச்சி, 'எந்த வயர மாத்திக் குத்தினா எந்தக் கார்டும் வேலை செய்யாது மக்கா'ண்ணு கேட்டது இதுக்குத்தானா?"