ஐந்தாவது டிகிரி

“நாலு டிகிரியோ, தம்பி?”

கொட்டாஞ்சேனை வீட்டின் வராந்தாவில் கைபேசியோடு நின்ற சயந்தன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஸ்ரீஸ்கந்தராசா நின்றார். அவருடைய மகள் மிதுனாவைப் பெண் பார்க்க வெள்ளவத்தையிலிருந்து அம்மாவோடு அவன் வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. நண்பன் அபிஷன் நேரங்கெட்ட நேரத்தில் அழைத்ததால் எழுந்து வெளியே வந்து, “நாலு டிகிரி முடிஞ்சுது மச்சான், அஞ்சாவதுதான் இழுபடுது, உள்ள விடுறாங்கள் இல்லை” என்று அவன் மெதுவாகத்தான் சொல்லியிருந்தான்.

அவன் சொன்னது பூமியின் டிகிரி. அகலக்கோடும் நெடுங்கோடும் முழு எண்களில் ஒன்றையொன்று வெட்டும் இடங்களைத் தேடிப்போய், ஜிபிஎஸ் கருவியில் புள்ளிக்குப் பின்னால் எல்லாம் பூச்சியமாக வரும்வரை முன்னும் பின்னும் அடி வைத்து, அதைப் படமெடுத்து இணையத்தில் போடுவது அவன் பொழுதுபோக்கு. இலங்கைத் தரையில் அப்படி ஐந்து இடங்கள்தான் உண்டு. சுற்றியுள்ள மற்றவை கடலுக்குள் கிடக்கின்றன.

இதை வெளியே சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. போன வருடம் பேசிய சம்பந்தம், மாப்பிள்ளை ஒரு பற்றைக் காட்டுக்குள் தனியாக நின்று இடம், வலம் என்று நடந்துகொண்டிருந்தார் என்று தெரிந்த அன்றே முறிந்தது.

இந்த முறை முறியக்கூடாது. மிதுனா தேத்தண்ணி கொண்டுவந்து, “சீனி காணுமோ?” என்று கேட்ட நொடியில், உலகத்தின் எல்லாக் கோடுகளும் அந்தக் கோப்பைக்குள் வந்து வெட்டிக்கொண்டது போல அவனுக்கு இருந்தது.

“அது அந்த டிகிரி இல்லை, ஐயா” என்றான்.

“வெளிவாரியோ?”

“வெளியிலதான்... வெளியில போய்த்தான் செய்யிறது.”

“அதுக்கென்ன. வேலை செய்துகொண்டு படிக்கிறவைக்கு வெளிவாரிதான் சரி.”

ஸ்ரீஸ்கந்தராசா அரசாங்க அலுவலகமொன்றில் முப்பத்தெட்டு வருடம் இருந்து இளைப்பாறியவர். ஒரு பட்டம் இல்லாததால் கடைசிப் பதவி உயர்வைக் கோட்டைவிட்டவர். நான்கு பட்டங்களோடு ஒரு மருமகன் தன் வராந்தாவில் நிற்பதைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கிய மனிதரிடம் அகலக்கோட்டைப் பற்றிப் பேச சயந்தனுக்கு வாய் வரவில்லை.

அடுத்த கிழமை அவரே அழைத்து, எங்கெங்கே செய்தீர்கள் என்று விசாரித்தார். இனியாவது பொய் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்த சயந்தன் உள்ளதை உள்ளபடியே சொன்னான்: பதுளை, பொலன்னறுவை, புத்தளம், மன்னார். மன்னார் எவ்வளவு காலம் எடுத்தது என்றதற்கு, ஒரே நாள் என்றும் உண்மையைச் சொல்லித் தொலைத்தான். “ஒரே நாளிலயோ?” என்று அவர் கேட்டதில் சந்தேகம் துளியும் இல்லை. பக்திதான் இருந்தது.

சம்பந்தம் முற்றாகி, மோதிரமும் மாற்றினார்கள். கலியாண அழைப்புக் காட்டின் மாதிரி கைக்கு வந்தபோது, சயந்தன் என்ற பெயருக்குப் பின்னால் ‘நான்கு பட்டங்கள் பெற்றவர்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. உடனே ஸ்ரீஸ்கந்தராசாவை அழைத்தான்.

“இப்ப அடிக்கவேண்டாம், மாமா. அஞ்சாவதும் முடியட்டும்.”

அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தான். பிறந்தது வேறு.

“ஆர் உங்களை உள்ள விடாதது?”

“ஒரு அம்மா. கம்பஹாப் பக்கம். மூண்டு தரம் போயிட்டன், கேட்டைத் திறக்கிறா இல்லை.”

“பெரிய பதவியோ?”

“அங்க எல்லாம் அவதான்.”

“அப்ப சனிக்கிழமை நானும் வாறன். இப்பிடியான ஆக்களோட கதைக்க ஒரு முறை இருக்கு.”

சனிக்கிழமை காலை அவர் கோட்டும் டையுமாக, மடியில் ஒரு ரிப்பன் கேக் பெட்டியோடு காரில் ஏறினார். வழியில் சொல்லிவிடலாம் என்றுதான் சயந்தன் இருந்தான். களனிப் பாலத்தில் ஒருமுறை வாயைத் திறந்தான். கடவத்தையில் இன்னொரு முறை. இரண்டு தடவையும் அவர் கண்ணை மூடி, உபவேந்தர் என்று தானே முடிவுகட்டிய அந்த அம்மாவிடம் பேசவேண்டியதை முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, அங்க பெரிய கட்டிடம் ஒண்டும் இராது.”

“கட்டிடத்தில என்ன இருக்கு, தம்பி? படிப்புத்தானே.”

தார் ரோட்டு முடிந்து, கிரவல் ரோட்டும் முடிந்த இடத்தில் அந்த நீலக் கேட் இருந்தது. வீட்டுக்காரி ஸைனம்பு, அவன் கையிலிருந்த கருவியைக் கண்டு, அதிவேகப் பாதைக்குக் காணி அளக்க வந்தவன் என்று மூன்று முறையும் துரத்திவிட்டவர். மூன்றாம் முறை வாளித் தண்ணீரும் வந்தது.

இன்றைக்கு ஒரு தட்டிலேயே கேட் திறந்தது. முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தியபடி ஸைனம்பு கேக் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

“மேடம்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா, டையைச் சரிசெய்து, “இந்தப் பிள்ளை நாலை முடிச்சுப்போட்டு வந்து நிக்கிறார். நீங்கள் மனம் வைச்சால் அஞ்சாவதும் கிடைக்கும்.”

ஸைனம்பு வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்.

கருவி இழுத்த வழியே சயந்தன் கிணற்றைத் தாண்டி, வாழைகளைத் தாண்டிப் போனான். பூச்சியங்கள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசிப் பூச்சியம் மட்டும் கோழிக் கூட்டுக்குள் இருந்தது. குனிந்து உள்ளே போனான். ஏழு வடக்கு, எண்பது கிழக்கு, மிச்சமெல்லாம் பூச்சியம். அந்த ஒரு கணம் கலியாணம், காட், கம்பஹா எல்லாம் மறந்து, பூமி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக உணர்ந்தான். பிறகு ஒரு கோழி கொத்தியது.

தலையில் இறகோடு வெளியே வந்தபோது ஸ்ரீஸ்கந்தராசா எதிரே நின்றார்.

“முடிஞ்சுது, மாமா.”

“என்ன முடிஞ்சுது?”

“அஞ்சாவது டிகிரி.”

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். தன்னிடம் இருப்பது ஏ.எல். பாஸும் ஒரு டிப்ளோமாவும் மட்டுமே என்பதையும் சொன்னான். ஸ்ரீஸ்கந்தராசா கவிழ்த்துக் கிடந்த வாளியில் உட்கார்ந்து டையைக் கழற்றினார். ஏசினால் நன்றாயிருக்கும் போல இருந்தது. அவர் ஏசவில்லை.

“நான் ஒரு மாதிரித் தேறிடுவன், தம்பி” என்றார் கடைசியில். “மிதுனாவுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது? அந்தப் பிள்ளை உங்களிலதான் நம்பிக்கை வைச்சிருக்கு.”

சயந்தன் கூட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். வீட்டுக்குப் போனதும் மோதிரம் திரும்பி வரும் என்று நினைத்தான்.

இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்த ஸைனம்பு முக்காட்டை விலக்கினார்.

“மிதுனாவா? அந்தப் புள்ள நேத்து வந்து, இன்டர்நெட்ல ஈக்கிற இவர்ட போட்டோ எல்லாம் எனக்கிக் காட்டி, இவர் காணி அளக்கிற ஆள் இல்ல, கேட்டத் தொறந்து விடுங்க, கூட வாற எங்கட வாப்பா இத யூனிவர்சிட்டின்னு நெனச்சிட்டு வருவார், சிரிச்சிட வாணாம்னு செல்லிட்டுப் போன தானே.”